தளத்தில் ஐந்து பேர், சம்பளப் பட்டியலில் ஒருவர்



2025 ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் நமது சங்கக் கூட்டம் ஒன்று முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த வேளையில் ஒரு தம்பி எம்மிடம் கடிதம் ஒன்றை நீட்டினார். உங்களில் பலருடைய கடைகளுக்குச் சுவர் பூசி, மின்விளக்குப் பொருத்தி, தளம் போட்டுத் தருபவர்தான். கடிதம் வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி.யிடமிருந்து வந்தது. "அண்ணை, நான் நாலு பேரை வைச்சு வேலை செய்விக்கிறன். எனக்கு எம்ப்ளோய்மென்ட் அலவன்ஸ் இல்லையாம். எடுத்ததைத் திருப்பிக் கட்டட்டாம்" என்றார். பெயர் போடாமல் எழுதுவதற்கு அவர் சம்மதித்ததால் இங்கு எழுதுகிறோம்.

சம்பளத்துக்கு மேலாக முதலாளி தன் கையிலிருந்து கட்டும் நேஷனல் இன்சூரன்ஸ் எவ்வளவு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 2025 ஏப்ரல் 6 முதல் ஓர் ஊழியரின் வருடச் சம்பளத்தில் 5,000 பவுணுக்கு மேற்பட்ட தொகைக்கு 15 வீதம். அதற்கு முந்திய ஆண்டில் 9,100 பவுணுக்கு மேல் 13.8 வீதமாக இருந்தது. இந்தச் சுமையைக் குறைக்கவே 2014 இல் அரசாங்கம் இச்சலுகையைக் கொண்டுவந்தது. அன்று வருடத்துக்கு 2,000 பவுண். 2025 ஏப்ரலில் அது 10,500 ஆகியது. இது கைக்கு வரும் காசு அல்ல. அந்தத் தொகை வரை முதலாளி பங்கைக் கட்டாமல் விடலாம், அவ்வளவே. ஊழியரிடம் பிடித்த வருமான வரியையும் அவருடைய இன்சூரன்ஸ் பங்கையும் வழமைபோல அனுப்பியே ஆகவேண்டும். காசோலை வரும் என்று தபால்காரரைப் பார்த்திருந்த ஒருவரையும் நாம் அறிவோம்.

தம்பியின் பிழை எங்கே? 2016 ஏப்ரல் முதல் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு கம்பனியின் சம்பளப் பட்டியலில் எல்லைக்கு மேல் சம்பளம் பெறுபவர் ஒரேயொருவராகவும், அவரே பணிப்பாளராகவும் இருந்தால் சலுகை கிடையாது. தம்பி சொன்ன நாலு பேரும் சுயதொழில் செய்பவர்கள். சி.ஐ.எஸ். முறையில் 20 வீதம் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கிறார். அவர்கள் உப ஒப்பந்தகாரர்களே தவிர கம்பனியின் ஊழியர்கள் அல்லர். வேலைத்தளத்தில் ஐந்து பேர் நின்றாலும் சம்பளப் பட்டியலில் அவர் ஒருவர்தான்.

அப்போதிருந்த கணக்காளர் ஒரு தடவை 'ஆம்' என்று குறித்துவிட்டார். அடுத்த வருடமும் அதையே செய்தார். தம்பியின் சம்பளம் 12,570 பவுண். 2023-24 இல் 478 பவுண் 86 பென்ஸ், 2024-25 இலும் அதே தொகை. இரண்டும் சேர்ந்து 957 பவுண் 72 பென்ஸ், அதற்கு மேல் வட்டி. அந்த இலாபத்துக்கு எத்தனை மூடை அரிசி விற்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கணக்காளர் குறித்தது என்று சொல்லித் தப்ப முடியாது. கட்டவேண்டியது கம்பனி. புதிய வீதத்தில் அதே சம்பளத்துக்கு வருடம் 1,135 பவுண் 50 பென்ஸ் கட்டவேண்டி வரும் என்பதைக் கேட்டபோதுதான் அவர் முகம் மெய்யாகவே வாடியது.

இனி வழியைப் பார்ப்போம். பணிப்பாளர் அல்லாத இன்னோர் ஊழியர், வருடத்தில் ஒரு கிழமையாவது 96 பவுணுக்கு மேல் சம்பளம் பெற்றால் போதும், அந்த வரி ஆண்டு முழுவதற்கும் சலுகை கிடைக்கும். 2025-26 இல் 21 வயதுக்கு மேற்பட்டவருக்கு ஆகக்குறைந்த கூலி மணிக்கு 12 பவுண் 21 பென்ஸ். எட்டு மணி நேர வேலைக்கே 97 பவுண் 68 பென்ஸ் வந்துவிடும். இரண்டாமவரும் பணிப்பாளரானால் கிழமைக் கணக்கு இல்லை, வருடம் 5,000 பவுணைத் தாண்ட வேண்டும்.

இதைக் கேட்டதும் பக்கத்தில் நின்ற அன்பர் ஒருவர், "அப்ப மச்சாளின்ர பெயரை ஒரு கிழமைக்குப் போட்டாச் சரி" என்றார். சரியில்லை. செய்யாத வேலைக்குச் சம்பளம் எழுதினால் அது பொய்க் கணக்கு. என்ன வேலை, எத்தனை மணி, காசு எந்த வங்கிக் கணக்குக்குப் போனது என்று திணைக்களம் கேட்டால் காட்ட வேண்டும். ஆனால் தம்பி வீட்டில் நிலைமை வேறு. "வீட்டில ஆர் ரெலிபோன் எடுக்கிறது? ஆர் மதிப்பீடு எழுதுகிறது?" என்று கேட்டோம். ஆறு வருடமாக மனைவிதானாம், சம்பளம் இல்லாமல். எமக்கு அதுதான் முதற் பிழையாகப் பட்டது.

கடைக்காரர்களுக்கும் இதில் விஷயம் உண்டு. 2025-26 கூலியில் கிழமைக்கு 35 மணி நேரம் வேலை செய்யும் ஒருவருக்கு முதலாளி பங்கு வருடம் ஏறக்குறைய 2,583 பவுண். நாலு பேருக்கு 10,333. முழுவதும் சலுகைக்குள் அடங்கிவிடும். ஆனால் கடைக்கொரு கம்பனியாகப் பதிந்து வைத்திருப்போர் கவனிக்க வேண்டும். எல்லாம் ஒருவர் கைக்குள் இருந்தால் ஒரு கம்பனிக்கு மட்டுமே சலுகை. எதற்கு எடுப்பது என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். மனைவி பெயரில் இன்னொரு கடை வைத்து, ஒரே களஞ்சியமும் ஒரே ஊழியர்களுமாக நடத்தினால் அதுவும் சேர்த்தே பார்க்கப்படும்.

நாமும் இதில் கெட்டிக்காரர் அல்லர். புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான சலுகை என்று எண்ணி இரண்டு வருடம் கேட்காமலே இருந்தோம். நாலு வரி ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கேட்கலாம் என்று அறிந்த பின்பே அது எமக்குக் கிடைத்தது. இப்போது ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிதாக ஈ.பி.எஸ். படிவத்தில் கேட்க வேண்டும். போன வருடம் கேட்டது இந்த வருடத்துக்குச் செல்லாது.

தம்பி கடனை வட்டியோடு கட்டிவிட்டார். மனைவி கிழமைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சம்பளப் பட்டியலில் சேர்ந்திருக்கிறார். 'ஆம்' என்று குறிக்கும் நாளில் புதிய கணக்காளருக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தவரும் அவர்தானாம்.