முரசும் வயலினும்

திரைப்படச் சண்டைக் காட்சிகளின் பின்னணி இசையை வெறும் இரைச்சல் என்று பெரியோர் கடிவர். மாணவரோ அதில் மனத்தைப் பறிகொடுப்பர். இவ்வீர்ப்பின் காரணம் யாது?

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்தார். அவற்றுள் அச்சம், பெருமிதம், வெகுளி ஆகியவற்றைப் போர்க்களத்தில் அன்று எழுப்பியது முரசு. தோல் பதனிடும் ஆம்பூர், வாணியம்பாடி மக்களாகிய நமக்கு ஒன்று எளிதில் விளங்கும்: முரசின் குரல், போர்த்த தோலின் குரலே. இன்று அப்பணியை ஆர்க்கெஸ்ட்ரா எனப்படும் பல்லியக் குழு ஏற்றுள்ளது. செல்லோவின் தாழ்ந்த ஒலி அச்சத்தையும், டிரம்பெட்டின் முழக்கம் பெருமிதத்தையும், விரைந்து இழுக்கப்படும் வயலின்கள் பதற்றத்தையும் தருகின்றன.

ஆயினும் ஓசைப் பெருக்கம் மட்டுமே நெஞ்சைத் தொடாது. கர்ணன் கதையைத் தழுவி 1991இல் வெளிவந்த 'தளபதி' இதற்குச் சான்று. அதன் நாயகன், பிறந்தவுடன் சரக்கு ரயிலில் விடப்பட்டவன். 'சின்னத் தாயவள்' பாடலின் மெட்டை இளையராஜா பின்னணி இசையிலும் ஒலிக்கச் செய்தார். அடிதடியில் வாழும் அவனைத் தாய்க்கு ஏங்கும் மகனாகக் காட்டுவது அம்மெட்டே. அதனால்தான் அவன் கை ஓங்கும்போது நாம் அவனுக்காகக் கலங்குகிறோம்.

வன்முறையை வியப்பது வேறு. அதனுள் துடிக்கும் மனத்தைக் கேட்பது வேறு. மாணவர் பின்னதைப் பயில்வாராக!