ராஜபாளையம் டு ஸ்ரீவில்லிபுத்தூர்: வேலை கிடைக்க நகராட்சி என்ன செய்யும்... நீங்க என்ன கேட்கலாம்?

டிகிரி முடிச்சாச்சு. அடுத்து என்ன? ராஜபாளையத்துலயோ ஸ்ரீவில்லிபுத்தூர்லயோ இந்தக் கேள்விக்கு வர்ற பதில் பெரும்பாலும் ஒரு பஸ் டிக்கெட்தான். சென்னை, கோவை, திருப்பூர், இல்லைன்னா பெங்களூரு.

இத்தனைக்கும் இரண்டுமே தொழில் தெரிந்த ஊர்கள். ராஜபாளையத்தில் 1936-லேயே நூற்பாலை வந்துவிட்டது. பக்கத்தில் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணிதான் எத்தனையோ ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. தளவாய்புரத்துக்கு நைட்டி என்றால், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா. அது 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. கல்லூரி, பாலிடெக்னிக் எதற்கும் குறைவில்லை.

அப்புறம் ஏன் பஸ் ஏறணும்? நம்ம நகராட்சி இதுக்கு ஏதாவது செய்யுமா? செய்யும். ஆனா, நாம நினைக்கிற மாதிரி இல்லை.

நகராட்சியிடம் என்ன இருக்கிறது?

நகராட்சிகளுக்கு அதிகாரம் தரும் 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 12-வது அட்டவணையில் 18 பணிகள் இருக்கின்றன. குடிநீர், சாலை, தெருவிளக்கு எல்லாம் உண்டு. 'வேலைவாய்ப்பு' என்று தனியாக ஒரு வரி கிடையாது. ஆனால் 'பொருளாதார, சமூக வளர்ச்சிக்குத் திட்டமிடுதல்', 'நகர்ப்புற வறுமை ஒழிப்பு' என்ற இரண்டு வரிகள் இருக்கின்றன. வேலை விஷயம் உள்ளே நுழைவது இந்த இரண்டு கதவுகள் வழியாகத்தான்.

அதாவது, நகராட்சி உங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் தராது. அதன் கையில் இருப்பது இடம், உரிமம், பரிந்துரைக் கடிதம். கடை போட இடம், தொழில் உரிமம், மார்க்கெட், வங்கிக்குப் போகும் சான்று... ஒரு சின்னத் தொழில் நிற்பதும் விழுவதும் இவற்றில்தான்.

தள்ளுவண்டிக்கும் சட்டம் இருக்கு!

முதல் தொழிலை ஒரு தள்ளுவண்டியில் ஆரம்பிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மோமோஸோ, ஜூஸோ, போன் கவரோ. 'எப்ப வந்து எடுக்கச் சொல்வாங்களோ' என்ற பயம்தான் முதல் நாளிலிருந்தே கூட வரும்.

2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் இந்த பயத்துக்குத்தான் பதில். நகராட்சி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். அந்தக் கணக்கெடுப்பை முடித்து, சான்றிதழ் கொடுக்கும்வரை ஏற்கெனவே கடை போட்டிருப்பவர்களை அப்புறப்படுத்தக் கூடாது. பொருளைப் பறிமுதல் செய்தால், அழுகும் பொருளாக இருந்தால் அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மற்றதை இரண்டு வேலை நாள்களுக்குள். இரண்டுக்கும் உரிய கட்டணத்தைக் கட்டியாக வேண்டும்.

எந்த இடத்தில் கடை போடலாம் என்பதில் நகர விற்பனைக் குழுவுக்குப் பங்கு உண்டு. ஆணையர்தான் தலைவர். ஆனால், உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவிகிதம் பேர் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

ஊர் மக்கள்தொகையில் 2.5 சதவிகிதம் வரை வியாபாரிகளுக்கு இடம் தர சட்டம் வழி சொல்கிறது. 2011 கணக்கெடுப்பில் ராஜபாளையத்தின் மக்கள்தொகை சுமார் 1.3 லட்சம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு சுமார் 75,000. கணக்குப் போட்டால் ராஜபாளையத்தில் 3,200-க்கும் மேல், ஸ்ரீவில்லிபுத்தூரில் 1,800-க்கும் மேல். இது சின்ன எண்ணிக்கை இல்லை பாஸ்!

சான்றிதழ் கையில் இருந்தால் அடுத்த கதவு, பி.எம்.ஸ்வநிதி கடன். 2020-ல் 10,000 ரூபாயில் தொடங்கிய திட்டம் இது. 2025-ல் மாற்றியமைத்த பிறகு முதல் கடன் 15,000 வரை, அதை அடைத்தால் 25,000, அப்புறம் 50,000. அடமானம் எதுவும் வேண்டாம். ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவிகிதம் மானியமாகத் திரும்ப வரும். சான்றிதழ் இல்லையா? நகராட்சியின் பரிந்துரைக் கடிதத்தோடு விண்ணப்பிக்கலாம்.

15% ஆ... 25% ஆ? இங்கேதான் கணக்கு!

கொஞ்சம் பெருசா யோசிக்கிறீங்களா? நாலு தையல் மெஷின் போட்டு நைட்டி யூனிட்? சின்ன பேக்கரி? இரண்டு மானியத் திட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போங்க.

ஒன்று, மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. இதில் ஊர் எது என்பது முக்கியம். பொதுவாக, நகராட்சி எல்லைக்குள் தொழில் தொடங்கும் பொதுப்பிரிவு ஆணுக்கு மானியம் 15 சதவிகிதம். அதே தொழிலை ஊராட்சிப் பகுதியில் தொடங்கினால் 25 சதவிகிதம். பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகளுக்கும், விருதுநகர் போன்ற முன்னேற விழையும் மாவட்டங்களில் தொழில் தொடங்குபவர்களுக்கும் நகரத்தில் 25, கிராமத்தில் 35.

இன்னொன்று, தமிழக அரசின் யு.ஒய்.இ.ஜி.பி. எட்டாம் வகுப்பு பாஸ் செய்திருந்தால் போதும். குடும்ப வருமான வரம்பு உண்டு. மானியம் 25 சதவிகிதம், அதிகபட்சம் 3.75 லட்சம்.

இப்போ 10 லட்சம் ரூபாய் ப்ராஜெக்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராஜபாளையம் டவுனுக்குள் இருக்கும் பொதுப்பிரிவு இளைஞருக்கு இரண்டு திட்டத்திலும் 2.5 லட்சம். ஊராட்சியில் யூனிட் போடும் பெண்ணுக்கோ முதல் திட்டத்திலேயே 3.5 லட்சம். யாருக்கு எது லாபம் என்பது ஆளைப் பொறுத்து, இடத்தைப் பொறுத்து மாறும்.

இரண்டு விஷயங்களை மறக்காதீங்க. மானியம் முதல் நாளே கைக்கு வரும் பணம் இல்லை. பி.எம்.இ.ஜி.பி-யில் அது மூன்று வருடம் வங்கியில் டெபாசிட்டாக இருந்து, பிறகுதான் கடனில் கழியும். இன்னொன்று, இவை புதிதாகத் தொடங்கும் தொழில்களுக்கானவை. மெஷினை வாங்கிப் போட்டு ஓட்ட ஆரம்பித்துவிட்டு அப்புறம் விண்ணப்பித்தால் சிக்கல்தான். விதிமுறைகள் அவ்வப்போது மாறும். அதனால் விருதுநகரில் இருக்கும் மாவட்டத் தொழில் மையத்தில் ஒருமுறை கேட்டுவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

பால்கோவாவின் பெயர் யாருக்கு?

ஸ்ரீவில்லிபுத்தூர் இளைஞர்கள் கவனிக்க. புவிசார் குறியீடு ஊருக்குக் கிடைத்துவிட்டால் எல்லாரும் தானாகவே அந்த முத்திரையைப் பயன்படுத்திவிட முடியாது. அந்த எல்லைக்குள் தயாரிக்கும் ஒவ்வொருவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்' என்று பதிவு செய்ய வேண்டும். இதற்கான விண்ணப்பக் கட்டணத்தை 2020-ல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். ஒரு டீயை விடக் கம்மி! வீட்டில் கிண்டும் பால்கோவாவை ஆன்லைனில் விற்க நினைப்பவர்கள், உணவுப் பாதுகாப்புப் பதிவோடு இதையும் சேர்த்து எடுத்துக்கொள்வது நல்லது.

மாதச் சம்பளம்தான் வேணும்னா?

எல்லாருக்கும் தொழில் செட் ஆகாது. அது தப்பும் இல்லை. சாத்தூர் பக்கம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,000 ஏக்கருக்கு மேல் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா வரப்போவதாக 2023-ல் அறிவித்தார்கள். இதுபோன்ற ஒவ்வொரு பூங்காவிலும் ஒரு லட்சம் நேரடி வேலைகள் என்பது மத்திய அரசின் எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்புதான், இன்னும் கைக்கு வந்த வேலை இல்லை. அது வரும்போது ஆபரேட்டர் வேலைக்கு மட்டும் நாம் நிற்பதா, டிசைன், தரக் கட்டுப்பாடு, ஏற்றுமதி டாக்குமென்டேஷனுக்கும் நிற்பதா என்பதுதான் கேள்வி. 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' பயிற்சிகளை இப்போதே அந்தக் கண்ணோடு தேர்ந்தெடுக்கலாம்.

4 மாதமும் 5 வருடமும்

ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் 'இளைஞர் உத்தரவாதம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. படிப்பை முடித்த அல்லது வேலை இழந்த இளைஞருக்கு 4 மாதத்துக்குள் வேலையோ, பயிற்சியோ, மேற்படிப்போ ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டும் என்பது இலக்கு. நம்மூரில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 வருடம் காத்திருந்தால்தான் உதவித்தொகைக்கே தகுதி. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், 3 வருடத்துக்கு.

நகரத்திலும் 100 நாள் வேலை போல ஒன்று தேவை என்று 2020-ல் சி.ரங்கராஜன் குழு பரிந்துரைத்தது. தமிழக அரசும் 100 கோடி ரூபாயில் தேர்ந்தெடுத்த சில ஊர்களில் அதைச் சோதனை முயற்சியாக எடுத்தது. கேரளா 2010-லேயே அய்யங்காளி பெயரில் இதைத் தொடங்கிவிட்டது.

மாற்றம் மேலேயிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வார்டில் பகுதி சபை கூடும்போது மூன்று கேள்விகளோடு போங்க:

1. தெருவோர வியாபாரிகள் கணக்கெடுப்பு கடைசியாக எப்போது நடந்தது? நகர விற்பனைக் குழுவில் இருப்பவர்கள் யார் யார்?

2. ஸ்வநிதிக்கு நம்ம வார்டிலிருந்து எத்தனை பேருக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தீர்கள்?

3. நகராட்சிக் கடைகள் எத்தனை காலியாகக் கிடக்கின்றன? புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கு அதில் ஒன்றிரண்டு ஒதுக்க முடியுமா?

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். வெளியூர் போவது தப்பில்லை. ஆனா, போறது நீங்க எடுத்த முடிவா இருக்கணும், வேற வழியே இல்லாததால எடுத்ததா இருக்கக் கூடாது!