செரிப்பழத்தின் கருஞ்சிவப்பு எங்கேயிருந்து வருகிறது?



கணக்குப் புத்தகத்தோடு காலம் தள்ளும் நான் பழத்தைப் பற்றி எழுத வந்தது சிலருக்குப் புதினமாக இருக்கலாம். அதற்குக் காரணம் உண்டு. வருமான வரிக் காலத்தில் என்னிடம் வரும் வயது போனவர்கள் சிலர் செரிக் குளிசை வாங்கிய பற்றுச்சீட்டுக்களை எடுத்து வைத்து, "தம்பி, இதை மருத்துவச் செலவிலை போடலாமோ?" என்று கேட்கிறார்கள். போட முடியாது. கடையில் நாமாக வாங்கும் சத்துக் குளிசைகளைக் கனடிய வருமான வரியில் மருத்துவச் செலவாகக் காட்ட இயலாது. அடுத்துக் கேட்பார்கள்: "அப்ப உண்மையிலை அதுக்குள்ளை சத்து இருக்கோ?" அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

ஊரில் நாவற்பழம் சாப்பிட்டால் நாக்கு ஊதாவாகும். அந்த நிறத்தைத் தருவது அந்தோசயனின் என்ற சாயப்பொருள். செரியின் கருஞ்சிவப்பும் அதே குடும்பம்தான். தோலில் இது செறிவாக இருக்கும். இதனோடு நிறமில்லாத வேறு நற்பொருள்களும் செரியில் உண்டு. ஆகையால் மஞ்சள் நிற 'றெயினியர்' செரியிலும் பயன் இருக்கிறது. ஆனால் அந்தோசயனின் அதில் குறைவு.

மரம் இதை நமக்காகச் செய்வதில்லை. கடும் வெயிலிலிருந்து தன்னைக் காக்கவும், பழம் பழுத்துவிட்டது என்று பறவைகளுக்குக் காட்டவும் செய்கிறது. கணக்காளர் பாசையில் சொன்னால், இலை பகலில் வெயிலைக் கொண்டு சீனியைச் சம்பாதிக்கிறது. மரம் இரவில் மூச்சுவிட்டு அதில் ஒரு பகுதியைச் செலவழிக்கிறது. இரவு குளிர்ந்தால் செலவு குறையும்; மிஞ்சும் சீனியிலிருந்து சாயம் கூடுதலாக உருவாகும். இரவும் பகலும் கொதித்தால் செலவு கூடும். சாயம் உண்டாக்கும் வேலையும் மந்தமாகும். வெளிச்சமும் முக்கியம். கிளைகளுக்குள் மறைந்த பழத்தை விட வெயில் பட்ட பழம் நன்றாக நிறம் பிடிக்கும். அதனால் சில தோட்டக்காரர் மரத்தின் கீழ் வெள்ளைத் துணி விரித்து வெளிச்சத்தை மேலே திருப்புகிறார்கள்.

இலங்கைத் தேயிலையிலும் இப்படி ஒன்று உண்டு. ஊவாவில் யூலை முதல் செப்ரெம்பர் வரை வறண்ட காற்று வீசும் காலத்துக் கொழுந்துக்குத் தனி மணமும் தனி விலையும் உண்டு. செடி ஒன்றுதான், மாறுவது காலநிலை.

கனடாவின் இனிப்புச் செரியில் பெரும்பங்கு பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒக்கனகன் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. வறண்ட காற்று, நீண்ட கோடைப் பகல், குளிர்ந்த இரவு ஆகிய மூன்றும் அங்கே உண்டு. அங்குள்ள சமர்லாண்ட் ஆராய்ச்சி நிலையம் தந்த 'லப்பின்ஸ்', 'சுவீற்ஹார்ட்' போன்ற இனங்கள் உலகெங்கும் வளர்கின்றன. இனம் மாறினாலும் சாயத்தின் அளவு மாறும். அறுவடை நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடிக்கும். ஹெலிகொப்டர் பறக்கவிட்டுத் தண்ணீரை உதறுகிறார்கள். 2021 யூன் இறுதியில் அடித்த வெப்ப அலையில் பழங்கள் மரத்திலேயே வெந்தன. 2024 ஜனவரிக் கடுங்குளிர் மொட்டுக்களைக் கொன்றது. அந்த வருடம் விளைச்சல் பெரிதும் குறைந்தது.

இதிலிருந்து நமக்கு விளங்குவது என்ன? ஒரே இனத்தின் பழத்திலும் தோட்டத்துக்குத் தோட்டம், வருடத்துக்கு வருடம் சத்து வேறுபடும். போத்தலில் "இத்தனை செரிக்குச் சமம்" என்று எழுதியிருந்தால், எந்தச் செரி, எங்கே விளைந்தது, எவ்வளவு பழுத்தது என்று கேளுங்கள். அது ஒரு சராசரி மட்டுமே. சராசரியை நம்பி நான் யாருடைய கணக்கையும் முடிப்பதில்லை.

செரிக்கு ஒரு பயனும் இல்லை என்று நான் சொல்லவில்லை. யூரிக் அமிலத்தால் வரும் 'கவுட்' மூட்டு நோயாளர் 633 பேரைப் பொஸ்ரன் பல்கலைக்கழகத்தினர் அவதானித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு நாட்கள் செரி சாப்பிட்டவர்களுக்கு வலித் தாக்குதல் வரும் அபாயம் 35 வீதம் குறைவாகக் காணப்பட்டது. ஆனால் இது அவதானிப்பு மட்டுமே. செரிதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. செரியை நம்பி வைத்தியர் தந்த குளிசையை நிறுத்த வேண்டாம். சலரோகம் உள்ளவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 100 கிராம் இனிப்புச் செரியில் சுமார் 13 கிராம் சீனி உண்டு. ஒரு கைப்பிடி போதும்.

ஜோன் ரலோன் சந்தைக்குப் போனால் கவனிக்க வேண்டியவை இவை. செரி பறித்த பிறகு பழுக்காது; ஆகவே நல்ல கருஞ்சிவப்பாக, இறுக்கமாக, காம்பு பச்சையாக இருப்பதையே எடுங்கள். யூலை, ஓகஸ்டில் ஒக்கனகன் பழம் வரும். குளிர்காலத்தில் வருவது பெரும்பாலும் சிலியிலிருந்து நெடுந்தூரம் பயணம் செய்தது. காம்பைக் கழற்றாமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சாப்பிடும்போது மட்டும் கழுவுங்கள். கியூபெக் குளிருக்கு இனிப்புச் செரி மரம் தாக்குப்பிடிப்பது கடினம். வீட்டு வளவில் நட விரும்புபவர்கள் சஸ்கச்சுவான் பல்கலைக்கழகம் 1999இல் வெளியிட்ட 'கார்மின் யுவெல்' என்ற புளிப்புச் செரியை முயன்று பார்க்கலாம். கடுங்குளிரைத் தாங்கும் சிறு மரம் அது.

குளிசைப் போத்தலுக்குக் கொடுக்கும் காசில் கோடையில் சில றாத்தல் பழம் வாங்கலாம். பேரப்பிள்ளைகளோடு இருந்து சாப்பிடுங்கள். வரியில் கழிக்க முடியாவிட்டாலும் அந்தச் செலவு நட்டமில்லை.