விருந்துக்குக் கார முட்டை: அப்பா சொன்ன ரகசியம்

நம் சங்கத் தோழிகள் யார் வீட்டுக்கு வந்தாலும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உங்கள் வீட்டுக் கார முட்டை மட்டும் எப்படி இத்தனை வழுவழுப்பாக இருக்கிறது?" பதில் மிகவும் எளியது. ஆனால் அந்தப் பதிலைத் தெரிந்துகொள்ள நான் ஒரு நாள் அழ வேண்டியிருந்தது.

1994 ஜனவரி. அப்போது நாங்கள் பிம்ப்ரியில் குடியிருந்தோம். மகனுக்கு ஐந்தாவது பிறந்த நாள். என் கணவரின் அலுவலக நண்பர்களைக் குடும்பத்தோடு அழைத்திருந்தோம். அதற்குச் சில மாதங்கள் முன்பு அவருடைய அதிகாரி வீட்டு விருந்தில் 'டெவில்டு எக்ஸ்' பரிமாறினார்கள். அவித்த முட்டையை இரண்டாக வெட்டி, மஞ்சள் கருவை எடுத்து மசாலா சேர்த்துப் பிசைந்து, திரும்பவும் அந்தக் குழியிலேயே நிரப்பி வைத்திருந்தார்கள். "இதென்ன பிரமாதம், நாமக்கல் பெண்ணுக்கு முட்டையா புதிது?" என்று நான் வீட்டுக்கு வரும் வழியிலேயே சவால் விட்டாகிவிட்டது.

அப்பாவுக்குக் கடிதம் போட்டேன். எங்களுக்கு ஊரில் சிறிய கோழிப்பண்ணை. (நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது, தனி மாவட்டம் ஆனது 1997இல்தான்.) பேரன் பிறந்த நாளுக்கு அப்பா வெறுங்கையோடு வருவாரா? கிளம்புகிற அன்று காலையில் எடுத்த முட்டையாகப் பார்த்து இரண்டு அட்டை, அதாவது அறுபது முட்டை, கூடையில் உமி பரப்பி அடுக்கி, சேலத்தில் ரயில் ஏறிவிட்டார். வழியெல்லாம் கூடையை மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம். ஒன்றுகூட விரிசல் இல்லை!

மறுநாள் விருந்து. நாற்பது முட்டை அவித்தேன். உரிக்க உட்கார்ந்தால், ஓட்டோடு வெள்ளைக் கருவும் பிய்ந்துகொண்டு வருகிறது. ஒவ்வொன்றும் அம்மை வடு விழுந்த முகம்போல் ஆகிவிட்டது. போதாததற்கு, நன்றாக வேகட்டும் என்று நான் அடுப்பிலேயே விட்டுவிட்டதால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வேறு. நாற்பதில் ஒழுங்காகத் தேறியது ஒன்பது. மணி ஐந்து. ஏழு மணிக்கு முப்பது பேர் வருவார்கள். அழுகையும் ஆத்திரமும் பொங்க, பாத்திரத்தோடு தூக்கிக் கொட்டப் போனேன்.

"கொட்டாத கண்ணு" என்று அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் குரல் உயர்த்திப் பேசுகிறவர் அல்ல. சமையலறைத் தரையில் உட்கார்ந்து, பிய்ந்துபோன முட்டைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உன்ற அம்மாவோட சங்கிலி அடகுக்குப் போச்சே, எதுக்குன்னு உனக்குத் தெரியாதில்ல?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் முட்டைக்கு விலை சொன்னவர்கள் வியாபாரிகள். அவர்கள் சொன்னதுதான் விலை. முட்டை விற்ற காசு தீவனத்துக்கே காணாது. கோழிக்குத் தீனி போட வேண்டி அம்மா கழுத்தில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். "ஒரு முட்டைக்குள்ள எத்தன பேரு பாடு இருக்குதுன்னு பண்ணக்காரனுக்குத்தான் தெரியும்" என்றார்.

1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அமைந்த பிறகுதான் அந்த நிலை மாறியது. விலையைப் பண்ணையாளர்களே கூடி அறிவிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போய் அவர்களைத் திரட்டியவர் டாக்டர் பி.வி. ராவ். அவர் 1971இல் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் நிறுவனத்தின் தலைமையகம் இருப்பது நம் புனேயில்தான். 'சண்டே ஹோ யா மண்டே, ரோஜ் காவோ அண்டே' என்று தொலைக்காட்சியில் நம் பிள்ளைகள் கேட்டுக் கேட்டுப் பாடிய விளம்பரமும் அந்தக் குழுவுடையதே. எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புனே என்றால் சனிவார்வாடா நினைவுக்கு வராது, முட்டைதான் நினைவுக்கு வரும்!

சரி, அன்றைய விருந்துக்கு வருவோம். "தப்பு உன்மேல இல்ல கண்ணு, என்மேலதான். புது முட்டை பொரிக்கத்தான் ஆகும், அவிச்சு உரிக்க ஆகாது. ஒரு வாரமாச்சும் ஆகோணும். நீ இதுக்குன்னு கேட்டிருந்தா பழசாப் பாத்துக் கொண்டாந்திருப்பேன்" என்றார் அப்பா.

பிற்பாடு படித்தபோது அதன் காரணம் புரிந்தது. புதிதாக இட்ட முட்டையின் வெள்ளைக் கருவில் கரியமில வாயு கரைந்திருக்கிறது. ஓட்டில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக அது நாளடைவில் வெளியேறிவிடும். அதன் பிறகுதான் வெள்ளைக் கரு உள்சவ்வோடு ஒட்டிக்கொள்ளாமல் சுலபமாகப் பிரிகிறது. பச்சை வளையத்துக்குக் காரணம் அதிகமாக வெந்தது. வெள்ளைக் கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்புச் சத்தும் சேர்ந்து வரும் நிறம் அது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, பார்வைக்குத்தான் கெடுதல்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் காகூ வந்தார். கோலாப்பூர்க்காரர். ஒரு பார்வை பார்த்தார், வீட்டுக்குப் போய் ஒரு கிண்ணம் டேச்சாவோடு திரும்பினார். பிய்ந்த முட்டைகளை எல்லாம் பொடியாக நறுக்கி, வெங்காயம் வதக்கி, டேச்சா போட்டுப் புரட்டிப் பாவ் ரொட்டிக்குள் வைத்தோம். தேறிய ஒன்பது முட்டையில் பதினெட்டுத் துண்டு. அவற்றை மட்டும் டேச்சா கலந்த கருவால் நிரப்பித் தட்டின் நடுவில் வைத்தோம். ஐந்தே நிமிடம், தட்டு காலி! அதிகாரியின் மனைவி என்னிடம் செய்முறை கேட்டார். அப்பா மூலையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று அகஸ்மாத்தாகப் பிறந்த அந்தக் கார முட்டையைத்தான் இன்றுவரை செய்து வருகிறேன். இதோ உங்களுக்காக.

தேவையான பொருட்கள் (24 துண்டுகளுக்கு)

ஒரு வாரமாவது ஆன முட்டை 12, சக்கா 4 மேசைக்கரண்டி, டேச்சா 2 தேக்கரண்டி, கடுகு விழுது 1 தேக்கரண்டி, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் 3, எலுமிச்சைச் சாறு சில துளிகள், உப்பு. மேலே தாளிக்க எண்ணெய், கறிவேப்பிலை, மிளகாய்த் தூள்.

டேச்சாவுக்கு: பச்சை மிளகாய் 8, பூண்டு 6 பல், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, கொஞ்சம் கொத்தமல்லி. தோசைக்கல்லில் சிறிது எண்ணெய் விட்டு வதக்கி, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக இடித்துக்கொள்ளுங்கள்.

சக்கா என்பது ஸ்ரீகண்டுக்காக நம் புனே பால்கடைகளில் விற்கும், நீர் வடித்த தயிர். மேல்நாட்டார் மயோனைஸ் சேர்ப்பார்கள். வீட்டில் செய்யும் மயோனைஸில் பச்சை முட்டை இருக்கும், நம் ஊர் வெயிலுக்கு அது ஆபத்து. சக்காவில் அந்தப் பயம் இல்லை, லேசான புளிப்பும் உண்டு.

செய்முறை

முதல் நாள் இரவே முட்டைகளைப் படுக்கை வாட்டில் வைத்துவிடுங்கள், மஞ்சள் கரு நடுவில் நிற்கும். தண்ணீர் கொதித்த பிறகு முட்டைகளைக் கரண்டியால் மெதுவாக இறக்கி, தீயைத் தணித்து, 11 அல்லது 12 நிமிடம் வேகவிடுங்கள். புனே கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் ஏறக்குறைய 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் சென்னைக் கணக்குக்கு அரை நிமிடம் கூடவே வைக்கலாம். எடுத்தவுடன் ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் போடுங்கள். அகலமான முனையில் தட்டி, தண்ணீருக்குள் வைத்தே உரியுங்கள். அந்த முனையில் காற்று இருப்பதால் சவ்வு சுலபமாகப் பிடிபடும்.

நீளவாக்கில் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் கருவைக் கட்டியில்லாமல் மசித்து மற்றவற்றைக் கலந்து, சுத்தமான பிளாஸ்டிக் பையில் போட்டு, மூலையைக் கத்தரித்துக் குழிகளில் பிழியுங்கள். கறிவேப்பிலையை மொறுமொறுவென்று பொரித்து ஆளுக்கு ஒன்றாக மேலே செருகுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, அந்த எண்ணெயிலேயே மிளகாய்த் தூளைப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் இரண்டு சொட்டு விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இதை வெளியில் வைக்கக் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு மணி நேரமே அதிகம். ஐஸ் கட்டி பரப்பிய தட்டின் மேல் வைத்துப் பரிமாறுங்கள். முட்டை சாப்பிடாத விருந்தினருக்குச் சிறிய உருளைக்கிழங்கை அவித்துக் குடைந்து, சக்காவும் டேச்சாவும் கலந்து நிரப்பலாம். கத்தியும் தட்டும் மட்டும் தனியாக இருக்கட்டும். அவர்கள் மனம் கோணாமல் உண்பதும் விருந்தின் ஒரு பகுதிதானே!

பேயின் பெயர் இதற்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் காரசாரமாகச் செய்த எதையும் 'டெவில்' என்றார்கள். இலங்கை உணவு விடுதிகளில் 'டெவில்' கோழியும், கல்கத்தாவில் பொரித்த 'டிமேர் டெவில்' முட்டையும் அந்தப் பேயின் உறவுகள்தாம். விருந்தை முட்டையில் தொடங்கிப் பழத்தில் முடிப்பது பழைய ரோமானியர் வழக்கம். ஆக, நாம் ஒன்றும் புதிதாகச் செய்துவிடவில்லை.

அடுத்த வருடம் அப்பா வந்தபோதும் இரண்டு அட்டை முட்டை கொண்டுவந்தார். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதி எழுதியிருந்தது. "இந்த அட்டை பொரிக்க, அந்த அட்டை உரிக்க. பத்து நாளா உங்கம்மாகிட்ட சொல்லி எடுத்து வெச்சது" என்றார். கடைசியாக அவர் வந்த வருடம்வரை அந்தப் பென்சில் தேதி தப்பியதில்லை.

அப்பா காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது முட்டை வாங்குவது தெருமுனைக் கடையில்தான். வாங்கி வந்ததும் பென்சிலை எடுத்துத் தேதி போட்ட பிறகுதான் ஃபிரிட்ஜில் வைக்கிறேன். மருமகள் சிரிக்கிறாள். ஆனால் போன வாரம் பார்த்தேன், அட்டையில் இருந்த தேதி அவள் கையெழுத்து.