டோர்ச் லைட்: வெளிச்சத்தை அல்ல, பற்றரியைக் கேளுங்கள்

2024 நவம்பர் இறுதியில் பெய்த மழையை எங்கள் பகுதி இலகுவில் மறக்காது. காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையிலான வீதியை வெள்ளம் மேவிப் பாய்ந்ததும், 26ஆம் திகதி அதைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் அள்ளுண்டு மத்ரஸா மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்ததும் நாடறிந்த துயரம். அதே வாரத்தில் எனது கடையோடு சம்பந்தப்பட்ட சிறு சம்பவம் ஒன்றும் நடந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்றாலும் நம் வியாபாரிகளுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

வெள்ளம் வடிந்த பின்னர் எனது வாடிக்கையாளர் ஒருவர் டோர்ச் லைட் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மழைக்குப் பத்து நாட்களுக்கு முன்னர் என்னிடம் வாங்கியது. "காக்கா, ராவு முழுக்க சார்ஜ் போட்டுத்தான் வெச்சிருந்தன். உம்மாவத் தூக்கிக்கிட்டுத் தண்ணிக்குள்ள இறங்கினா, பத்து நிமிசத்தில அணைஞ்சி போயிட்டு" என்றார். அவர் கோபப்படவில்லை. காசைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது. நானாகவே காசைக் கொடுத்துவிட்டு, டோர்ச்சை வைத்துக்கொண்டேன்.

பிழை எங்கே?

அந்த டோர்ச் 2022இல் நான் வாங்கிய சரக்கு. அந்த வருடம் மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதை எல்லோரும் அறிவோம். டோர்ச், மெழுகுவர்த்தி, சார்ஜ் லாம்பு எது வந்தாலும் அன்றே விற்றுத் தீர்ந்தது. நானும் யோசிக்காமல் பெட்டி பெட்டியாக இறக்கினேன். பின்னர் மின்வெட்டு குறைந்தது, மீதிச் சரக்கு தட்டிலேயே தங்கிவிட்டது. சவர்க்காரத்தை, பிளாஸ்டிக் வாளியை இரண்டரை வருடம் கழித்து விற்றாலும் யாருக்கும் நட்டமில்லை. டோர்ச் அப்படியல்ல. அதற்குள் பற்றரி இருக்கிறது. நாம் மறந்தாலும் பற்றரிக்கு வயது போய்க்கொண்டே இருக்கும்.

மலிவான சார்ஜ் டோர்ச்கள் பலவற்றில் இருப்பது 4 வோல்ட் ஈய அமில பற்றரி. மோட்டார் சைக்கிள் பற்றரியின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா வைத்திருந்தாலும் அதன் சார்ஜ் மெல்ல மெல்ல இறங்கும். இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே தகடுகளில் ஈய சல்பேற்று படிந்து கெட்டியாகிவிடும். அதன் பின்னர் விடிய விடிய சார்ஜ் போட்டாலும் அது கொள்ளாது. சிவப்பு விளக்கு எரிகிறதே என்று கேட்பீர்கள். மலிவு டோர்ச்கள் பலவற்றில் அந்த விளக்கு, கரண்ட் வருகிறது என்பதை மட்டுமே காட்டும். பற்றரி நிறைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. எனது வாடிக்கையாளர் அந்தச் சிவப்பு விளக்கை நம்பித்தான் தண்ணீரில் இறங்கியிருக்கிறார்.

பெட்டியில் உள்ள இலக்கங்கள்

இப்போது கூடுதலாக வருவது லிதியம் பற்றரி போட்ட டோர்ச். அதில் பரவலானது 18650 என்ற வகை. 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம் என்பதே அந்தப் பெயரின் பொருள். இந்த அளவுப் பற்றரியில் நல்ல தயாரிப்பாளர்களின் உயர்ந்த ரகமே ஏறத்தாழ 3500 மில்லி அம்பியர் மணிதான் கொள்ளும். ஆனால் சந்தையில் 9900 என்று அச்சிட்ட பற்றரிகளும் தாராளமாக வருகின்றன. ஒரு கொத்து அரிசி கொள்ளும் பாத்திரத்தில் மூன்று கொத்து இருக்கிறது என்று சொல்வது போன்றதுதான் இது. நல்ல 18650 பற்றரி 45 கிராம் அளவில் நிறை இருக்கும். கையில் எடுத்ததும் காற்றுப் போல இருந்தால் சந்தேகப்படுங்கள்.

வெளிச்சமும் அப்படியே. வாட், "சுப்பர் பவர்" என்பதையெல்லாம் விட்டுவிடுங்கள். வெளிச்சத்தின் அளவை லூமன். நல்ல எல்.ஈ.டி. ஒரு வாட்டில் 100 லூமன் அளவு தரும். 2000 மில்லி அம்பியர் மணி பற்றரி ஒன்றை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 7.4 வாட் மணி. எனவே 100 லூமனில் ஆறு, ஏழு மணித்தியாலம் எரியலாம். அதே பற்றரியில் 1000 லூமன் எரித்தால் முக்கால் மணித்தியாலமும் தாங்காது. சின்ன டோர்ச்சில் பெரிய வெளிச்சமும் விடியும் வரை எரிவதும் சேர்ந்து வராது. இந்தக் கணக்கைச் சரக்கு எடுக்கும் இடத்திலேயே போட்டுப் பார்க்கலாம்.

வீட்டுக்கு 100 லூமன் தாராளம். நமது வாப்பாமார் காலத்தில் இரண்டு பெரிய பற்றரி போட்ட குமிழ் டோர்ச் இதில் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம்கூடத் தரவில்லை. அதை வைத்துத்தான் வட்டைக்கும் போனார்கள், புடையன் பாம்பையும் பார்த்து விலகினார்கள். யானைக் காவலுக்குத் தூரம் அடிக்கும் டோர்ச் வேறு, வீட்டுக்குத் தேவைப்படுவது வேறு. கேட்டு அறிந்து கொடுக்க வேண்டியது வியாபாரியின் வேலை.

எதை வாங்குவது?

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இப்போது சொல்வது இதுதான். ஒரு விலைகூடிய டோர்ச்சை விட, நடுத்தர விலையில் இரண்டு இருப்பது மேல்.

முதலாவது, யூ.எஸ்.பி. வயரில் சார்ஜ் ஏறும் லிதியம் டோர்ச். கரண்ட் இல்லாவிட்டாலும் பவர் பேங்க், சோலார், வாகனம் என்று எதிலாவது சார்ஜ் ஏற்றலாம். பற்றரியைக் கழற்றி மாற்றக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது. டோர்ச்சிலேயே இரண்டு முள் வைத்து, சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகும் மலிவு வகைகள் பலவற்றில் 230 வோல்ட்டைப் பிரித்து வைக்கும் ட்ரான்ஸ்போமர் கிடையாது. சார்ஜில் இருக்கும்போது அதை எரியவிடுவதோ, உடைந்ததைச் செருகுவதோ, பிள்ளைகள் கையில் கொடுப்பதோ ஆபத்து.

இரண்டாவது, கடைகளில் எங்கும் கிடைக்கும் சாதாரணப் பற்றரி போடும் எல்.ஈ.டி. டோர்ச். வெள்ளம் வந்து நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் போனால் கைகொடுப்பது இதுதான். ஆனால் பற்றரியை உள்ளே போட்டு வைக்காதீர்கள். கசிந்து டோர்ச்சையே தின்றுவிடும். கழற்றி, பக்கத்தில் ஒரு பையில் சுற்றி வையுங்கள்.

நம்மைப் போன்ற பள்ளப் பூமிக்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஐ.பி.எக்ஸ். 4 என்றால் மழைத் தூறல் தாங்கும். ஐ.பி.எக்ஸ். 7 என்றால் ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்க வேண்டும். முடிந்தால் ஒன்றாவது 7 ஆக இருக்கட்டும்.

வியாபாரிகளுக்கு

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எனது கடையில் சில பழக்கங்களை மாற்றினேன். சரக்கு வந்த மாதத்தைப் பெட்டியில் எழுதுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சார்ஜ் டோர்ச்களுக்கு சார்ஜ் போடுகிறோம். புதிய ரகம் வந்தால் ஒன்றை எடுத்து, இஷாவுக்குப் பிறகு எரியவிட்டு, எத்தனை மணிக்கு மங்குகிறது என்று குறித்துக்கொள்கிறேன். பெட்டியில் உள்ள இலக்கத்தை அல்ல, அந்தக் குறிப்பைத்தான் வாடிக்கையாளருக்குச் சொல்கிறேன். மீதியிருந்த பழைய சரக்கை விலை குறைத்துத் தள்ளவும் மனம் வரவில்லை. நட்டத்தை ஏற்றுக்கொண்டேன்.

பெட்டியில் அச்சடித்தவன் நானா என்று நாம் கேட்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், பொருளைப் பற்றிப் பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள். அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வோரைப் பற்றி அல்குர்ஆனில் ஒரு அத்தியாயமே இருப்பதை நாம் அறிவோம். 3000 கொள்ளாத பற்றரியை 9900 என்று தெரிந்துகொண்டே விற்பதும் தராசில் விரலை வைப்பதும் ஒன்றுதான்.

அந்த வாடிக்கையாளர் இப்போதும் எனது கடைக்கு வருகிறார். அடுத்த மாரிக்கு முன்னர் டோர்ச் ஒன்று கேட்டு வந்தபோது, நான் எரித்துப் பார்த்த கொப்பியை எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. "நீங்க பார்த்தாக் காணும் காக்கா" என்று சொல்லி, காசை வைத்துவிட்டுப் போனார். இந்த நம்பிக்கையை இன்னொரு முறை இழந்தால் அதைத் திருப்பி வாங்க எந்த மொத்தக் கடையிலும் முடியாது.