மரச்சட்டம் தாங்கும் வண்டி

பழைய மோட்டார் வண்டியைப் புதுப்பிக்க விரும்புவோர் முதலில் வர்ணத்தையே எண்ணுவர். மொறிஸ் மைனர் டிறவலர் என்னும் ஸ்டேஷன் வாகனில் அது பெருந்தவறென்போம். 1953 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான இவ்வண்டியின் பின்புற ஆஷ் மரச்சட்டம் வெறும் அலங்காரமன்று. கூரையையும் பக்கத் தகடுகளையும் தாங்குவது அதுவே. மூட்டுகளில் நீர் ஊறின் மரம் உக்கிவிடும்.

முதலில் அடித்தளத்திலே கறள் தின்ற தகட்டை வெட்டியகற்றிப் புதுத்தகடு பற்றவைத்தல் வேண்டும். தளம் வளைந்திருப்பின் புதுச்சட்டம் பொருந்தாது. மரவேலை அதன் பின்னரே.

உதிரிப்பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. 1990களில் நம் இலங்கையிலும் மொறிஸ் மைனருக்கான பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டமை நமக்குப் பெருமையே.

பின்னாசனத்தில் அமர்வோர் நம் குழந்தைகள். உக்கிய மரத்தை வார்னிஷ் பூசி மறைப்பது அவர்களுக்கிழைக்கும் வஞ்சனையன்றோ?