ஷூவுக்கும் மூச்சு முட்டும்!

ராமன் காட்டுக்குப் போனபோது அவனுடைய பாதுகையை வாங்கிவந்து, பதினான்கு வருஷம் சிம்மாசனத்தில் வைத்துக் கும்பிட்டான் பரதன். அந்தக் கதையைக் கேட்டு உருகுகிற நம் வீடுகளில், நாலாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய லெதர் ஷூ எங்கே இருக்கிறது? மாடிப்படிக்குக் கீழே. துடைப்பத்துக்கும் காலி கேஸ் சிலிண்டருக்கும் நடுவில். ஒன்று கிழக்கே பார்க்கும். இன்னொன்று குப்புறப் படுத்திருக்கும். உள்ளே ஒரு பழைய சாக்ஸ், சுருண்டு.

சட்டைக்கு இஸ்திரி. பைக்குக்கு சர்வீஸ். செல்போனுக்கு முன்னால் கண்ணாடி, பின்னால் கவசம். ஷூவுக்கு? ஆபீஸ் லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது, வலது ஷூவை இடது கெண்டைக்காலில் ஒரு தேய். இடது ஷூவை வலது கெண்டைக்காலில் ஒரு தேய். லிஃப்ட் கதவு திறப்பதற்குள் பராமரிப்பு ஓவர்!

நல்ல லெதர் ஷூ ஒரு வருஷச் சாமான் அல்ல. சோலைத் தைத்துப் பொருத்திய ரகமாக இருந்தால், அடிப்பாகத்தை மட்டும் மாற்றி மாற்றிப் பத்து வருஷம்கூட ஓட்டலாம். ஆனால் ஒன்று பாருங்கள், ஷூக்கள் அதிகமாகக் கெடுவது ரோட்டில் அல்ல. வீட்டில்தான்.

தோல் என்றால் தோல்தான்

லெதர் என்பது ஒரு பிராணியின் தோல் என்பதை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம். கொலாஜன் என்ற புரத நார்கள் பின்னிக் கிடக்கிற பாய் மாதிரியான சமாசாரம் அது. பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகிவிடும். அழுகாமல் செய்கிற வித்தைக்குப் பெயர்தான் பதனிடுதல். ஆவாரம்பூவை சர்க்கரை வியாதிக்குக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்களே, அதே செடியின் பட்டையையும் கடுக்காயையும் வைத்துத்தான் நம் பக்கத்தில் பரம்பரையாகத் தோல் பதனிட்டார்கள். இப்போது பெரும்பாலும் குரோமியம் உப்பு. இந்த வித்தையை ஆராய்வதற்கென்றே சென்னை அடையாறில் 1948-லிருந்து மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது.

பதனிட்ட பிறகும் தோலுக்கு ஒரு குணம் போவதில்லை. ஈரத்தை உறிஞ்சும், காற்றுப் பட்டால் வெளியே விடும். நம் இரண்டு பாதங்களிலும் சேர்த்துச் சுமார் இரண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. காலையில் மாட்டி ராத்திரி கழற்றுகிறவரை அத்தனையும் ஷூவுக்குள்தான் வேலை பார்க்கின்றன. அந்த ஈரம் வெளியேற ஒரு முழு நாளாவது வேண்டும். மறுநாள் காலையிலேயே அதே ஷூவை மாட்டினால், நேற்றைய ஈரத்தின் மேல் இன்றைய ஈரம். பாவம், அதற்கு மூச்சு முட்டாதா?

ஆகவே முதல் விதி: ஒரு நாள் போட்டால் ஒரு நாள் லீவு. ரெண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுவது ஊதாரித்தனம் இல்லை சார், சிக்கனம்.

லீவு நாளில் ஷூவின் வடிவம் குலையாமல் இருக்க 'ஷூ ட்ரீ' என்று மரத்தில் செய்த கால் வடிவம் விற்கிறார்கள். சிடார் மரம் என்றால் ஈரத்தையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். அது இல்லையா, பழைய நியூஸ்பேப்பரைக் கசக்கி உள்ளே திணியுங்கள். (இந்தப் பத்திரிகையைத் திணிக்க வேண்டாம், ப்ளீஸ்!)

பரணில் ஒரு படுகொலை

எங்கள் ஆபீஸில் ஒரு நண்பர். அக்கவுண்ட்ஸ் ஆசாமி. பஸ் டிக்கெட்டைக்கூட ஃபைல் போட்டு வைப்பார். தன் கல்யாண ரிசப்ஷனுக்கு வாங்கிய கறுப்பு ஷூவை மறுநாளே பாலிதீன் கவரில் சுற்றி, அட்டைப்பெட்டியில் போட்டு, பரணில் ஏற்றிவிட்டார். "நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா போட்டுக்கலாம்ல?"

நாலு வருஷம் கழித்து மச்சினன் கல்யாணம். பெட்டியைத் திறந்தால் மேலே பளபளவென்று புத்தம்புதுசு. மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். அவர் நடந்த வழியெல்லாம் கறுப்பாக ஏதோ உதிர ஆரம்பித்தது. "யாருப்பா இங்க கேக்கைச் சிந்தி வச்சிருக்கிறது?" என்று பெண் வீட்டு அத்தை ஒருவர் குனிந்து பார்க்க, அது கேக் இல்லை. மனிதருடைய சோல்! குரூப் போட்டோவில் நண்பர் சோபாவுக்குப் பின்னால் இடுப்பளவுதான் தெரிகிறார்.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று இன்னமும் திட்டிக்கொண்டிருக்கிறார். விஷயம் வேறு. இன்று பல ஷூக்களின் சோல் பி.யூ., அதாவது பாலியூரித்தேன். லேசானது, மெத்தென்று இருக்கும். ஆனால் காற்றிலுள்ள ஈரம் உள்ளே புகுந்து அதன் ரசாயனப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும். இதற்கு ஹைட்ராலிசிஸ் என்று பெயர். போடாமல் வைத்திருந்தாலும் இது நடக்கும். ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கிற பாலிதீன் கவரில் இன்னும் ஜோராக நடக்கும்.

அதனால் வாங்கும்போதே "சோல் என்னங்க?" என்று கேளுங்கள். ரப்பர் சோலுக்கும் லெதர் சோலுக்கும் இந்த வியாதி இல்லை. பி.யூ. என்றால் பத்திரப்படுத்தாதீர்கள், போட்டுத் தீர்த்துவிடுங்கள்.

கொஞ்ச நாள் எடுத்து வைத்தே ஆகவேண்டும் என்றால்? தூசி தட்டி, நன்றாகக் காயவிட்டு, பேப்பர் திணித்து, பழைய வேட்டித் துண்டில் சுற்றுங்கள். பருத்தித் துணி காற்றை விடும். பாத்ரூம் சுவரை ஒட்டியோ தரையிலோ வேண்டாம். அலமாரியின் நடுத்தட்டு உத்தமம். மாதம் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட வைத்து, வீட்டுக்குள்ளேயே நாலு நடை நடங்கள். ரசகற்பூரம் எனப்படும் நாப்தலின் உருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சைக்கு அல்ல. பெட்டிக்குள் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலமும் ஓரளவு ஈரம் குடித்ததும் வயிறு நிரம்பிப் படுத்துவிடும். அதை நம்பி வருஷக்கணக்கில் விடக்கூடாது.

ஐப்பசி வந்தால் ஜாக்கிரதை

ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்றின் ஈரப்பதம் பல நாள் 80 சதவீதத்தைத் தாண்டும். 70-ஐத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கறுப்பு ஷூவுக்கு விபூதி பூசினமாதிரி இருக்கும்.

பயப்படவேண்டாம். ஷூவை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்த் துடையுங்கள். உள்ளே தட்டினால் விதைத்தூள் பக்கத்து ஷூவுக்கும் பரவும். சர்ஜிகல் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சமமாகக் கலந்து, துணியில் லேசாக நனைத்து, மேலும் உள்ளும் ஒரு துடைப்பு. (சாயம் போகிறதா என்று முதலில் ஒரு மூலையில் பார்த்துக்கொள்ளுங்கள்.) அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். நிழலில் காயவிட்டுப் பிறகு பாலிஷ்.

மழையில் தொப்பலாக நனைந்து வந்தால்? சேற்றைத் துடைத்து, லேஸைக் கழற்றி, பேப்பர் திணித்து, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பேப்பரை மாற்றுங்கள். சோலுக்கும் காற்றுப் படும்படி பக்கவாட்டில் சாய்த்து, ஃபேனுக்குக் கீழே. மொட்டைமாடி வெயில், ஹேர் டிரையர், கேஸ் அடுப்புப் பக்கம் எதுவும் கூடாது. நனைந்த தோலைச் சூட்டில் அவசரமாகக் காய வைத்தால் நார்கள் சுருங்கி விறைத்துக்கொள்ளும். அப்புறம் விரல் மடங்குகிற இடத்தில் வெடிப்புதான். ரெண்டு நாள் ஆனாலும் ஆகட்டும். அவசரத்துக்கு ஹவாய் செருப்பு எதற்கு இருக்கிறது?

பழைய பனியனின் மறுபிறவி

1906-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் வில்லியம் ராம்சே என்பவர் ஒரு பாலிஷ் தயாரித்தார். மனைவி நியூசிலாந்துக்காரர். அந்த ஊர்ப் பறவையின் பெயரையே டப்பாவுக்கு வைத்தார். அதுதான் கிவி! பெண்டாட்டியை சந்தோஷப்படுத்தி உலகப் புகழும் பெற்ற ஆசாமி.

பாலிஷ் போடுவது பிரம்ம வித்தை இல்லை. லேஸைக் கழற்றுங்கள். பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். தையல் இடுக்குக்கு ரிட்டயரான டூத் பிரஷ். ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். தூசியின் மேலேயே பாலிஷ் போட்டால் அது உப்புத்தாள் வேலை செய்யும். பழைய பனியன் துணியை விரலில் சுற்றி, மெழுகு பாலிஷைத் துளி எடுத்து மெல்லிசாகத் தடவுங்கள். பத்து நிமிஷம் பொறுங்கள். பிறகு பிரஷ் போட்டால் முகம் தெரியும்.

மெழுகு தருவது பளபளப்பு. தோலுக்குள் எண்ணெய்ப் பசை குறையாமல் இருக்க ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை லெதர் கிரீம் வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். கறுத்து, தூசி பிடித்து, சிக்கு வாசனை அடிக்கும். ஸ்பாஞ்ச் வைத்த லிக்விட் பாலிஷ் இன்டர்வியூ அவசரத்துக்குச் சரி. தினமும் என்றால் மேலே ஏடு படிந்து வெடிக்கும். சொரசொரப்பான ஸ்வீட் லெதருக்கு இதெல்லாம் ஆகாது, வெறும் பிரஷ்தான்.

இன்னொன்று: குதிகால் பக்கத்தை மிதித்து ஸ்லிப்பர் மாதிரி நுழைக்காதீர்கள். லேஸை அவிழ்த்து, ஷூ ஹார்ன் வைத்துப் போடுங்கள். மிதிபட்டு மடங்கிய குதிகால் மறுபடி நிமிராது.

கை கழுவுகிற விஷயம்

ஞாயிற்றுக்கிழமை நான் பாலிஷ் டப்பாவோடு உட்கார்ந்தால் அம்மா ஒரு குரல் கொடுப்பார்: "டேய், அதைத் தொட்டுட்டு அப்படியே எழுந்து வராதே, கையைக் கழுவு!"

கழுவவேண்டியதுதான். தெருச் சேறு ஒட்டியிருக்கிறதே. ஆனால் நம் வீட்டு ஷூக்கள் மாடிப்படிக்குக் கீழே அநாதையாகக் கிடப்பதற்குச் சேறு மட்டுமா காரணம்? செருப்பை வாசலுக்கு வெளியே வைத்தோம், சரி. அதைத் தைத்தவரையும் ஊருக்கு வெளியே வைத்தோமே, அது என்ன சுகாதாரம்? தோலைத் தொடுவது மட்டம் என்கிற நினைப்பு, நமக்கே தெரியாமல் கைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் மடியில் வைத்து பைக் கண்ணாடியைத் துடைக்கிறவர், ஷூவை இரண்டு விரலால் தூக்குகிறார்.

ஆம்பூர் என்றால் பிரியாணி மட்டும் இல்லை சார். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தைக்கிற ஷூக்களைப் போட்டுக்கொண்டு வெளிநாட்டில் நடக்கிறார்கள். அதே பகுதியில் தோல் ஆலைக் கழிவால் பாலாற்றுத் தண்ணீரும் நிலமும் கெட்டுப்போய், வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. சுற்றுச்சூழலைக் கெடுத்தவர்தான் இழப்பீடு தரவேண்டும் என்று 1996-ல் தீர்ப்பு வந்தது. அதாவது ஒரு ஜோடி ஷூவுக்கு நீங்கள் மட்டும் விலை கொடுக்கவில்லை. ஒரு பிராணி கொடுத்திருக்கிறது. ஓர் ஆறு கொடுத்திருக்கிறது. யாரோ ஒருவருடைய விரல்கள் கொடுத்திருக்கின்றன. அதை ஒரே மழைக்காலத்தில் பூஞ்சைக்குத் தாரை வார்ப்பது நியாயமா?

எங்கள் தெருமுனையில் பூவரச மரத்தடியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். குத்தூசி, நூல், மெழுகுக்கட்டி, நாலைந்து லாடம். அவ்வளவுதான் ஒர்க்ஷாப். அடிப்பாகம் வாய் பிளந்த என் ஷூவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "நல்லா வச்சிருக்கீங்க சார். கால்ல போட்டா ஷூ தேயும், அவ்ளோதான். போடாம மூடி வச்சா செத்துடும். தேஞ்சத நான் தச்சுக் குடுத்துடுவேன். செத்தத இன்னா பண்றது?"

மேலே நான் எழுதியிருக்கிற அத்தனையும் அவர் வாயில் நாலே வரி!

சோல் லேசாக விலகும்போதே அவரைப் போன்றவர்களிடம் போய்விடுங்கள். நாலு தையலில் முடிகிற வேலையை நாற்பது தையல் ஆகும்வரை இழுக்காதீர்கள். ஷோரூமில் நாலாயிரத்தைப் பேசாமல் கார்டில் தேய்த்த நாம், மரத்தடியில் நாற்பது ரூபாய்க்கு "முப்பது வாங்கிக்கய்யா" என்று பேரம் பேசுவதையும் விட்டுவிடலாம்.

ஞாயிறு காலை இருபது நிமிஷம். ஒரு பழைய பனியன், ஒரு பிரஷ், ஒரு டப்பா. திங்கட்கிழமை லிஃப்ட்டுக்காகக் காத்திருக்கும்போது உங்கள் இரண்டு கால்களும் தரையிலேயே இருக்கும். பேன்ட்டும் பிழைத்துப்போகும்!